வண்டிச் சேதி

அந்த வீட்டில் தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு காரியம் தவறாமல் நடக்கும். நர்சம்மா வெள்ளைக் காரை வாசலில் ஏற்றி நிறுத்திவிட்டு மருந்துப் பையோடு இறங்குவாள். அவள் புருஷன் இரண்டு டம்ளர் டீயோடு வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளும் பக்கத்தில் உட்காருவாள். ஒரு வாய் டீ உள்ளே இறங்கியதும் அவர், "ம், சொல்லு" என்பார். அவள் சொல்லுவாள். அன்றைக்குப் பார்த்த நோயாளிகளைப் பற்றி அல்ல, தன் இடுப்பு வலியைப் பற்றியும் அல்ல. அந்தக் காரைப் பற்றி.

மேட்டில் ஏறும்போது வண்டி இரண்டு தடவை இருமியது. இடது பக்கம் ஒடித்தால் மட்டும் ஒரு முனகல் கேட்கிறது. மழைத் துடைப்பான் பாதிக் கண்ணாடியில் நின்று யோசித்துவிட்டுப் போகிறது. இப்படிப் போகும் அந்தச் சேதி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வண்டி சூடான பிறகா, ஆரம்பத்திலேயேவா, கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறதா என்று குறுக்குக் கேள்வி போடுவார். டீ தீருவதற்குள் கோளாறு இன்னதென்று பிடிபட்டுவிடும். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வண்டிச் சேதி. பத்தொன்பது வயதான ஒரு கார் வாரத்தில் ஆறு நாள் வீடு வீடாக அலைந்தும் ஆண்டுதோறும் தகுதிச் சோதனையில் பிசகில்லாமல் தேறி வந்ததென்றால், பாதிப் பெருமை அவர் கைக்கும் பாதிப் பெருமை இந்தப் படிக்கட்டுப் பேச்சுக்கும் போக வேண்டும்.

அவர் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். பகலெல்லாம் சோதனைக் குழாய் கழுவி, குடுவைகளுக்குச் சீட்டு ஒட்டி, மாணவர்கள் எதையாவது எதிலாவது ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்கிறவர். அந்தப் புத்தி வீட்டிலும் விடவில்லை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஜாம் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும்: வாஷர் சிறியது, வாஷர் பெரியது, எதற்கென்று தெரியாத திருகாணி. எதைக் கழற்றினாலும் கழற்றின வரிசையில் முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைப்பார். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவார். ஒரு குழியில் ஏதாவது மிஞ்சிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

கொட்டகையில் இரண்டு வண்டிகள். ஒன்று அவர் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகும் இருபத்தாறு வயதுப் பெரிய கார். அதன் பெயர் பெரியவர். காலையில் எழுப்பினால் கனைத்து, புகை விட்டு, சலித்துக்கொண்டுதான் கிளம்பும். இன்னொன்று வெள்ளச்சி. சின்ன உடம்பு, பெரிய மனசு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தது. வந்த புதிதில் அவர் அதன் அடியிலேயே குடியிருந்ததைப் பார்த்து நர்சம்மா அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். அப்புறம் அது தன்னைச் சுமந்துகொண்டு மழையிலும் வெயிலிலும் அலைவதைப் பார்த்து மனசு இளகி, வெள்ளச்சி என்று மாற்றிக்கொண்டாள்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வந்து குட்டையைக் குழப்பியது.

போன் செய்தது அவள் தம்பி. அவன் புதுக் கார் வாங்கப் போகிறான். இப்போது வைத்திருக்கும் ஆறு வயதுக் காரை விற்க மனசில்லை, அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்றான். அவள் அடுப்படியில் நின்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கண் முன்னால் வந்தது கார் இல்லை, புருஷனின் முழங்கால். ஐம்பத்தெட்டு வயதில் சிமெண்டுத் தரையில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போகிறார். போவது சுலபம். வெளியே வந்து எழுந்து நிற்பதற்கு மூன்று தவணை ஆகிறது. முதலில் ஒருக்களித்துப் படுப்பார். பிறகு பம்பரைப் பிடித்துக்கொண்டு முட்டி போடுவார். அந்த இடத்தில் கொஞ்ச நேரம், ஏதோ தேடுகிறவர்போல, தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் எழுவார். யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. அவள் ஓராண்டாக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சரிடா, கொண்டு வந்து விடு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள். திரும்பினால் அடுப்படி வாசலில் அவர், கையைத் துணியில் துடைத்தபடி.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்றார். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்றாள். பேச்சு அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னை நடுரோட்டுல நிறுத்தியிருக்கேனா?"

"எத்தனை நாளைக்குத்தாங்க ஒட்டுப் போட்டே ஓட்டறது?"

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே அந்தச் சொல் காதில் விழுந்தது. ஒட்டு. ஒரு திருகாணி மிஞ்சினால் சோறு இறங்காத மனுஷனைப் பார்த்து ஒட்டுப் போடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் கொட்டகைக்குப் போய், சுத்தமாக இருந்த ஸ்பேனர்களை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். உங்கள் முட்டிக்காகத்தான் சொன்னேன் என்று பின்னாலேயே போய்ச் சொல்லியிருந்தால் அன்று மாலையே முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கும் ரோஷம் என்று ஒன்று இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. கதவும் தட்டும் டம்ளரும் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டன.

திங்கள் மாலை அவள் காரை ஏற்றி நிறுத்தியபோது அவர் படியில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு டம்ளரும் இருந்தன. "சொல்லு" என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று அவள் ஒரு நொடி நின்றாள். அவர் தெருவைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

சொல்வதற்குச் சேதி இருந்தது. பிரேக் பெடல் அன்று காலையிலிருந்து கொஞ்சம் மெத்தென்று இருந்தது. எப்போதும் பாதியில் பிடிக்கும். அன்று அதற்கும் கீழே இறங்கிப் பிடித்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் கீழே போனது. வளைவுகளில் திரும்பும்போது முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. மற்ற நாளாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டி அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டிருப்பாள். அன்றைக்கு, 'ஒட்டுப் போடறவர்கிட்ட நானா போய்ச் சொல்லணுமா, அவரா கேக்கட்டும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். புதன்கிழமை காலை அந்த விளக்கு எரியவே இல்லை. பெடலும் பரவாயில்லை. தானே சரியாகிவிட்டாள் வெள்ளச்சி, வீட்டிலிருக்கும் பெரிய மனிதர்களைவிட அவளுக்குப் புத்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் மேட்டுத் தெருவில் பாட்டு டீச்சருக்குக் கால் புண்ணைக் கழுவிக் கட்டப் போனாள். டீச்சருக்குச் சர்க்கரை. கட்டைப் பிரித்தால் விரலிடுக்கில் புதிதாக ஒரு புண், நான்கைந்து நாள் பழசு. மகனோடு ஏதோ மனத்தாங்கலாம், அதனால் அவனிடம் சொல்லவில்லையாம். நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோவம் மனுஷங்க மேல இருக்கலாம் டீச்சர். புண்ணு மேல காட்டலாமா? புண்ணுக்குத் தெரியுமா உங்க சண்டை?"

சொல்லிவிட்டு, கட்டைக் கட்டிவிட்டு, படியிறங்கி வந்து வண்டியை எடுத்தாள். மேட்டுத் தெரு நேராகச் சரிந்து பெரிய சாலையில் போய் விழும். பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தாள். கால் தரையைத் தொட்டது. எடுத்து மறுபடி மிதித்தாள். அப்போதும் தரைதான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவள் யோசித்துச் செய்ததல்ல. பன்னிரண்டு ஆண்டுப் படிக்கட்டுப் பேச்சில் எங்கோ கேட்டு உள்ளே தங்கியிருந்தது. கியரை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். வண்டி அலறியது. ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுத்தாள். இடது பக்கம் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், வாசலில் மணல் குவியல். அதைப் பார்த்து ஒடித்தாள். வெள்ளச்சி மணலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றாள். மண் சுமந்துகொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, தோளைத் தடவினார்கள். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. குவியலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் செங்கல்லை அடுக்கி வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தது. நர்சம்மா போய் அதன் கை காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

நான்கு நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு போனில்தான். பிரேக் போய்விட்டது, எனக்கு ஒன்றுமில்லை, மேட்டுத் தெரு மணலில் நிற்கிறேன் என்றாள். பெரியவர் அத்தனை வேகமாக வந்ததை அந்த வட்டாரம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் ஆய்வகத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்தார். காரைப் பார்க்கவில்லை. அவள் தோள், கை, நெற்றி என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக் குனிந்தார். சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் பிரேக் ஆயில் வழிந்து மினுமினுத்தது. பம்பரைப் பிடித்து எழுந்தார்.

"என் கைதான்" என்றார். பிறகு கயிறு எடுக்கப் போனார்.

பெரியவரின் பின்னால் கயிறு கட்டி வெள்ளச்சி வீடு வந்து சேர்ந்தாள். அன்று மாலையே அவர் அவள் தம்பிக்குத் தானே போன் போட்டு, வண்டியைக் கொண்டு வந்து விடு மாப்பிள்ளை என்றார். பிறகு பழைய கார் வாங்கி உடைக்கிறவருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். ஸ்பேனர்களை அளவுவாரியாகத் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் அடுக்கினார். எதிர்வீட்டு லாரிக்காரருக்குத்தான் இதெல்லாம் உபயோகப்படும் என்றார். ஜாம் பாட்டில்களை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

நர்சம்மா அடுப்படி ஜன்னலில் நின்று இத்தனையும் பார்த்தாள். சக்கரத்துக்குள் பிரேக் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பரைப் போன ஆண்டு மாற்றியவர் அவர்தான். அது சரியாக உட்காரவில்லை, தன் வேலையில் பிழை, தன் பிழையால் பெண்டாட்டி செத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. திங்கட்கிழமையே அவளுக்குத் தெரியும் என்பதை அவர் அறியவில்லை. ஒரு வாய்ச் சொல் சொல்லியிருந்தால் அன்று மாலையே சக்கரத்தைக் கழற்றியிருப்பார். புண்ணை மறைத்ததற்கு டீச்சரைத் திட்டிவிட்டு வந்தவள், அதே புண்ணை வண்டியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டால் அவர் பெட்டியைத் திறந்துவிடுவார். ஆனால் எப்படிச் சொல்வது? 'உங்க மேல கோவத்துல என் உயிரையும் அந்தச் செங்கல் வீட்டுப் பிள்ளை உயிரையும் பணயம் வெச்சேன்' என்று ஒரு பெண்பிள்ளை புருஷன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வாள்? வெள்ளிக்கிழமை முழுக்கக் கொட்டகை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கொட்டகையில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வெள்ளச்சியை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, அதற்குள்ளிருக்கும் பிரேக் டிரம்மை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டின பெட்டியிலிருந்து வேண்டிய ஸ்பேனர்களை மட்டும் உருவி எடுத்திருந்தார். பக்கத்தில் முட்டை அட்டை. உடைக்கப் போகும் வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று அவள் கேட்டாள்.

"அவர் இங்கேருந்து ஓட்டிக்கிட்டுத்தானே போகணும். பிரேக் இல்லாத வண்டியை யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

ஒன்பதரை மணிக்குப் புது ரப்பர் உட்கார்ந்து, டிரம்மும் சக்கரமும் மாட்டியாகிவிட்டது. இனி ஏர் எடுக்க வேண்டும். பிரேக் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் எத்தனை மிதித்தாலும் பிடிக்காது. அந்தக் காற்றைக் குமிழ் குமிழாக வெளியே எடுக்க வேண்டும். அது ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இந்த வீட்டில் அந்த இரண்டு பேர் யார் என்பதைப் பன்னிரண்டு ஆண்டாக யாரும் கேட்டதில்லை.

அவர் கேட்கவும் இல்லை. அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டார். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வெறுங்காலில் மிதித்தால்தான் பெடலின் பேச்சு நன்றாகத் தெரியும் என்பது அவர் சொல்லிக் கொடுத்தது.

"அமுக்கு."

அமுக்கினாள்.

"பிடி."

பிடித்தாள். நிப்பிள் திறந்ததும் பெடல் அவள் காலுக்கடியில் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. நிப்பிளில் மாட்டிய ரப்பர்க் குழாய் கண்ணாடிப் பாட்டிலுக்குள் குமிழ் விடும் சத்தம் கேட்டது. நிப்பிளை மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

"எடு."

அமுக்கு, பிடி, எடு. இந்த மூன்று சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. பக்கக் கண்ணாடியில் அவருடைய ஒரு கால் மட்டும் தெரிந்தது. குதிகாலில் வெடிப்பு. பெருவிரல் நகத்தில் என்றைக்கோ விழுந்த ஸ்பேனரின் கறுப்பு. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஒரு காலைப் பார்த்துச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆறாவதோ ஏழாவதோ தடவை, "பிடி" என்று குரல் வந்தது. பெடல் தரையில் கிடந்தது.

"உங்க கை இல்லைங்க" என்றாள். "திங்கக்கிழமையே எனக்குத் தெரியும்."

குமிழ்ச் சத்தம் நின்றிருந்தது. எடு என்று குரல் வரவில்லை.

"பெடல் கீழ போச்சு. செவ்வாக்கிழமை செவப்பு லைட்டும் எரிஞ்சது. பாத்தேன். கோவத்துல சொல்லலை. நீங்களா கேட்டாத்தான் சொல்றதுன்னு இருந்தேன். நீங்க செஞ்ச வேலையில குத்தமே இல்லை. ரப்பர் தேயறது ரப்பரோட குணம். குத்தம் என் வாயில."

கண்ணாடியில் அந்தக் கால் அசையவில்லை. அவள் பெடலை இன்னும் அழுத்திப் பிடித்தாள். அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"செவ்வாக்கிழமை காலையில," என்றது அடியிலிருந்து குரல், மிகவும் மெல்ல. "நீ கெளம்பிப் போனப்புறம் தரையில ஈரம் பாத்தேன். காசு அகலம். தொட்டு மோந்து பாத்தேன். பிரேக் ஆயில்."

அவள் கண்ணாடியில் தெரிந்த காலையே பார்த்தாள்.

"மத்தியானமே போய் ரப்பர் வாங்கிட்டேன். இப்ப போட்டேனே, அது அன்னிக்கு வாங்கினதுதான். சாயந்திரம் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் படியில உக்காந்திருந்தேன். நீ வந்து பெடல் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுவே, ஒடனே கழட்டிடலாம்னு. நீ நேரா உள்ள போயிட்டே." ஸ்பேனர் தரையில் உரசியது. "புதன்கிழமை விடியறதுக்குள்ள எழுந்து பிரேக் டப்பாவுல ஆயிலை நெறைய ஊத்தி வெச்சேன். ஒரு நாள் தாங்கும், அதுக்குள்ள உன் வாயிலேருந்து சேதி வந்துடும்னு. வியாழக்கிழமை ஸ்கூல்ல செய்முறைத் தேர்வு. சீக்கிரம் போகணும். ஊத்தாமப் போயிட்டேன்."

புதன்கிழமை விளக்கு எரியாதது எதனால் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெள்ளச்சி ஒன்றும் தானாகச் சரியாகிவிடவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது கோபம், சுள்ளென்ற கோபம். தெரிந்தே அனுப்பினாரா? மருந்துப் பையோடு மேட்டுத் தெருவுக்கு, ஒரு சொட்டு ஆயிலை நம்பி? கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். கால் பெடலை விட்டு வந்துவிட்டது. பின்சக்கரத்தில் நிப்பிள் இன்னும் திறந்தே இருந்தது. காற்றை உறிஞ்சும் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அரைமணி நேர வேலை அந்தச் சத்தத்தோடு போயிற்று.

சக்கரத்தைச் சுற்றி வந்து நின்றாள். அவர் அட்டையில் மல்லாந்து கிடந்தார். ஒரு கையில் ஸ்பேனர், நெற்றியில் கறுப்பு. கண்ணின் ஓரத்திலிருந்து காதை நோக்கி ஈரம் வழிந்திருந்தது. படுத்திருக்கும் மனுஷன் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"போன் வந்தப்ப," என்றார், "உனக்கு ஒண்ணுமில்லைன்னு நீ சொல்றதுக்கு முன்னாடி, பிரேக் போயிடுச்சுன்னு சொன்னியே. அந்த நடுவுல ஒரு நொடி இருந்தது. அது இன்னும் எனக்கு முடியலை. இனிமே எந்தத் தைரியத்துல நான் ஸ்பேனர் பிடிக்கறது, சொல்லு. கை தப்பு பண்ணியிருந்தா கையைத் திருத்திக்கலாம். இது மனசு பண்ணினது."

அவள் கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரே ஈரத்தை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, நீ முதலில் பேசு, நீ முதலில் பேசு என்று நான்கு நாள் நின்றிருக்கிறார்கள். வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது. வேறு வீட்டில் கோபம் வந்தால் சோற்றில் காட்டுவார்கள், தலையணையில் காட்டுவார்கள். இந்த வீட்டில்தான் அது வண்டிச் சேதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிமெண்டுத் தரையில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் கண்ணையும் நெற்றிக் கறுப்பையும் சேர்த்தே துடைத்தாள். கறுப்பு இன்னும் அகலமானதுதான் மிச்சம்.

"தம்பி வண்டிக்கு ஏன் சரின்னு சொன்னேன் தெரியுமா?" என்றாள். "நீங்க அடியிலேருந்து எழுந்திருக்கறதை ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு வருஷமா."

அவர் தகரக் கூரையைப் பார்த்தார்.

"பாத்தியா?"

"தினமும்."

"நான் திருகாணி தேடற மாதிரி இருந்திருக்குமே."

"தினம் தினமா திருகாணி தொலைப்பீங்க? நீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்துக்கொண்டே சிரித்ததில் புரைக்கேறி இருமினார். அவள் தலையைத் தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. பழைய கார் வாங்குகிறவர் உதவிக்கு ஓர் ஆளோடு வந்து இறங்கினார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர், வண்டிக்கடியில் கிடக்கும் வீட்டுக்காரரையும் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தும் வீட்டுக்காரியையும் பார்த்து, உள்ளே வருவதா வேண்டாமா என்று விளங்காமல் நின்றார். வண்டி தயாரா சார் என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றார் அவர் படுத்தபடியே. "ஏர் எடுத்துக்கிட்டு இருக்கோம்."

எவ்வளவு நேரமாகும் என்று வந்தவர் கேட்டார். அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். பெண்டாட்டி சொன்னாள், அது முடிய வருஷக்கணக்காகும், நீங்கள் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று. வந்தவர் எத்தனையோ வீட்டில் இந்தக் கடைசி நேர மனமாற்றத்தைப் பார்த்தவர். டீயைக் குடித்தார். ஜாம் பாட்டில்களைச் சுற்றிப் பார்த்தார். போகும்போது, எதற்கென்று தெரியாத திருகாணிப் பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்து, இது எதற்கென்று எனக்குத் தெரியும் சார் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரருக்கு அன்றைக்கு அது பெரிய சந்தோஷம்.

பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அமுக்கு, பிடி, எடு. நடுநடுவே வேறு பேச்சும் இருந்ததால் இரண்டு மடங்கு நேரமானது. கடைசியில் பெடல் பாதியிலேயே கல்லாக நின்றது. தம்பி வண்டி வரட்டும் என்று அவரே சொன்னார். அதற்கும் ஆறு வயதாகிவிட்டதே, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா என்றார். படுத்துச் செய்கிற வேலையை மட்டும், தூக்கி நிறுத்துகிற மேடை உள்ள பட்டறையில் நின்றபடி செய்துகொள்வதாக ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்வதற்குமுன் மூன்று தடவை முணுமுணுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எழுந்திருக்கும்போது வழக்கமான இடத்தில், முட்டி போட்ட இடத்தில், நின்றார். அவள் கையை நீட்டினாள். ஒன்றும் தேடாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

திங்கள் மாலை ஐந்தே முக்காலுக்கு வெள்ளச்சி வாசலில் ஏறி நின்றாள். படியில் இரண்டு டம்ளர் டீ. நர்சம்மா செருப்பைக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம், சொல்லு."

சொன்னாள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. மேட்டுத் தெருவில் வேண்டுமென்றே இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தாள். மணல் குவியல் பாதியாகிவிட்டது, செங்கல் வீட்டுப் பிள்ளை கையாட்டியது. டீச்சர் மகனிடம் புண்ணைக் காட்டிவிட்டார். வலது ஜன்னல் கண்ணாடி மட்டும் ஏற்றினால் ஏதோ உரசுகிறது. அவர் கண்ணை மூடிக் கேட்டு, பாதியிலா முழுக்க ஏறிய பிறகா என்று விசாரித்து, ரப்பர் வாரில் மணல் போயிருக்கும் என்றார். டீ தீர்ந்தது. எழுந்திருக்கப் போனார்.

"இருங்க" என்றாள். "வண்டிச் சேதி ஆச்சு. உங்க சேதி?"

"எனக்கென்ன சேதி?"

அவள் அவருடைய வலது முட்டியில் கையை வைத்தாள். அவர் தெருவைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு ஆண்டில் யாரிடமும் சொல்லிப் பழகாத வாய்.

"காலையில," என்று ஆரம்பித்தார். "படிக்கட்டு எறங்கறப்ப ஒரு சத்தம் வருது."

"ஆரம்பத்துலேயேவா, சூடான அப்புறமா?" என்று கேட்டுவிட்டு, நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.